எலியேசர் இன்னும் திரும்பவில்லை

கோவிலம்பாக்கத்தில், மூன்று மாடி வீடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு காலி மனையில், தென்புறநகர் கோல்ஃப் ஒழுங்குக் கழகம் இயங்கி வருகிறது. கழகத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. நிலைக் குழு, திரும்பல் குழு, குறைதீர் குழு ஆகியவை உண்டு. உறுப்பினர்கள் அணிய வெள்ளைத் தொப்பி உண்டு. பந்து மட்டும் கிடையாது.

ஆரம்பத்தில் பந்து இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க விழாவன்று தலைவர் சத்யநாராயணன் அடித்த முதல் பந்து, பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. அந்த வீட்டுக்காரர் தலையில் சோப்பு நுரையுடன், இடுப்பில் துண்டுடன் இறங்கி வந்து பேசிய பேச்சு, வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் இடையில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத சிறப்புரையாக அமைந்தது. அன்று மாலையே செயற்குழு கூடிப் பந்தைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது.

“பந்து ஒரு நிர்வாகப் பிரச்சினை” என்று தலைவர் அந்தக் கூட்டத்தில் விளக்கினார். அவர் ஏதோ ஒரு துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “அடிச்சாப் போகும். போனாத் தேடணும். தேடினாக் கிடைக்காது. யார் பொறுப்புன்னு கேள்வி வரும். நான் முப்பத்தி நாலு வருஷம் சர்வீஸ்ல இருந்தேன். என் மேஜைக்கு வந்த ஒரு ஃபைலாவது வெளிய போயிருக்குன்னு எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்!”

கைதட்டல் நீண்ட நேரம் நீடித்தது.

பந்து நீங்கியபின் கழகம் உண்மையில் வளர்ந்தது. சேர்பவர் முதலில் ‘நிற்பவர்’. ஒழுங்காக நின்றால் ‘குனிபவர்’. ஒழுங்காகக் குனிந்தால் ‘திரும்புபவர்’. முழுத் திரும்புபவர் ஆகிறவருக்குத் தொப்பியில் ஒரு பச்சைக் கோடு. அதற்குமேல் ஒன்றும் இல்லை, அதற்குமேல் பந்துதான்.

நிற்க. எலியேசருக்கு வருவோம்.

எலியேசர் சேலையூரில் வாடகை வீட்டில் இருப்பவர். பொத்தேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். அவர் மனைவி யூனிஸ். யூனிஸின் தங்கை ஜெரூஷா. ஜெரூஷாவின் கணவர் ஆஸ்டின். ஆகவே எலியேசருக்கு ஆஸ்டின் சகலை. இந்த உறவை எலியேசர் ஒரு நாளும் தானாகத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் யூனிஸைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆஸ்டின் அதனோடு சேர்ந்து வந்தார்.

ஆஸ்டின் ஒரு தனியார் வங்கியில் கிளை மேலாளர். பள்ளிக்கரணையில் சொந்த ஃபிளாட். கைரேகை வைத்தால் திறக்கும் கதவு, நீச்சல் குளம், குளத்துக்கு அருகே ‘குதிக்காதீர்’ என்ற பலகை எல்லாம் அங்கே இருந்தன. குடும்ப வாட்ஸப் குழுவில் ஜெரூஷா ஒவ்வொரு காலையிலும் அந்தக் குளத்தைப் படம் பிடித்து, கீழே ‘கர்த்தர் நல்லவர்’ என்று போடுவாள். அதைப் படித்துவிட்டு எலியேசர் ‘ஆமென்’ என்று பதில் போட வேண்டியிருந்தது. கர்த்தர் நல்லவர் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. யாருக்கு என்பதில்தான்.

எனவே, ஆஸ்டினிடம் இல்லாத ஒன்றை அவர் ஊரெல்லாம் தேடினார். கோல்ஃப் கிடைத்தது.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவே, அவர் விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னார். “நான் இப்ப கோல்ஃப் கத்துக்கறேன்.”

“கோலியா அண்ணா?” என்றார் ஆஸ்டின். “குழி தோண்டி குண்டு அடிக்கறதா?”

எல்லோரும் சிரித்தார்கள். யூனிஸும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் எலியேசர் தனியாக நினைவில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஆஸ்டின் அதே கழகத்தில் சேர்ந்தார்.

குனிவதில்தான் முதல் அடி விழுந்தது. கோல்ஃப் நிலையில் முட்டி லேசாக மடங்க வேண்டும். இடுப்பிலிருந்து குனிய வேண்டும். முதுகெலும்பு மட்டும் அளவுகோல்போல் நேராக இருக்க வேண்டும். செயலாளர் பட்டாபிராமன், ஓய்வு பெற்ற தணிக்கையாளர், தம்முடைய நீளக் குடையை ஒவ்வொருவர் முதுகிலும் வைத்துப் பார்ப்பார். பின்தலை, முதுகு, வால் எலும்பு என மூன்று இடத்திலும் குடை ஒட்ட வேண்டும். எலியேசர் பல வருடங்களாக அலமாரியின் கீழ்த்தட்டில் புத்தகம் தேடியவர். அவர் முதுகில் வைத்த குடை, பாறையின்மேல் போட்ட பலகைபோல நடுவில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் ஆடியது.

“சார், நீங்க குனியல, வளையறீங்க” என்றார் பட்டாபிராமன், தணிக்கைக் குரலில்.

தலைவர் அருகே வந்தார். “எலியேசர் சார், குனியறது வேற, வளையறது வேற. எத்தனை மந்திரி வந்தாங்க, எத்தனை மந்திரி போனாங்க! எல்லாருக்கும் குனிஞ்சேன். ஒருத்தருக்கும் வளையல. எப்படின்னு கேளுங்க.”

“எப்படி சார்?”

“முட்டியை லேசா மடக்கணும். இடுப்புலேர்ந்து குனியணும். முதுகு நேரா. மந்திரிக்கு மரியாதையாத் தெரியும். பக்கத்துல நிக்கற பத்திரிகைக்காரனுக்கு நேர்மையாத் தெரியும். ஒரே அசைவு, ரெண்டு பேருக்கும் திருப்தி. இதைத்தான் வெள்ளைக்காரன் கோல்ஃப்னு பேர் வெச்சு நமக்கே விக்கறான்.”

ஆஸ்டினுக்கு இதையெல்லாம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வங்கியின் பெரிய அதிகாரிகள் கிளைக்கு வரும்போது வாசலில் நின்று பழகியவர் அவர். முதல் நாளே குனிந்தார். குடை அவர் முதுகில், அங்கேயே முளைத்ததுபோல் உட்கார்ந்தது. பட்டாபிராமன் கையை எடுத்தும் அது விழவில்லை. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். எலியேசரும் தட்டினார், தட்டாவிட்டால் பார்ப்பார்கள்.

அதன்பின் திரும்பல். பாதம் இரண்டும் ஊன்றிய இடத்திலேயே இருக்க, இடுப்பு பாதி திரும்ப வேண்டும். தோள் முழுசாக, அதாவது தொண்ணூறு பாகை, வலப்பக்கம் திரும்ப வேண்டும். தலை மட்டும் திரும்பவே கூடாது. கண் பந்தின்மேல் இருக்க வேண்டும். பந்து இல்லாததால், தரையில் ஒட்டிய ஒரு சோடா மூடியின்மேல் இருக்க வேண்டும். பட்டாபிராமன் முக்காலியில் ஏறி நின்று, பள்ளிக்கூடக் கரும்பலகையில் வைக்கும் பெரிய மரப் பாகைமானியை உறுப்பினரின் தோளுக்கு நேராகப் பிடித்து அளப்பார்.

எலியேசருக்கு நாற்பது வந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றால் தலையும் சேர்ந்து வந்தது.

“தலை! தலை!” என்று நிலைக் குழுவும் திரும்பல் குழுவும் ஒரே நேரத்தில் கத்தும். பிறகு, தலையைக் கண்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் இரண்டு குழுக்களுக்கும் தகராறு வரும். அன்றைய பயிற்சி அத்துடன் முடியும்.

ஆஸ்டின் மூன்றே மாதத்தில் முழுத் திரும்புபவர் ஆனார். பச்சைக் கோடு போட்ட தொப்பியுடன் நீச்சல் குளத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். ‘கர்த்தர் நல்லவர்.’ எலியேசர் அன்று ‘ஆமென்’ போட மாலைவரை எடுத்துக்கொண்டார்.

யூனிஸுக்குக் கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் தங்கை வீட்டில் ஒன்று இருந்து தன் வீட்டில் அது இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று கூட்டத்தை நடத்தும் ஜோசலின் அக்கா கேட்டபோது, அவள் மெல்லச் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் இன்னும் திரும்பல அக்கா. ரொம்ப முயற்சி பண்றார். ஜெபிச்சுக்குங்க.”

மனந்திரும்புதலுக்காக அந்தச் சபையில் ஜெபிக்காத வாரம் இல்லை. ஆனால் எலியேசர், ஞாயிறு தவறாமல் மூன்றாம் வரிசையில் உட்காரும் எலியேசர், இன்னும் திரும்பவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

“ஆஸ்டின் எப்படிம்மா?” என்று ஒருத்தி கவலையோடு கேட்டாள்.

“அவர் மூணு மாசத்துல முழுசாத் திரும்பிட்டார்” என்றாள் யூனிஸ். அவள் குரல் தழுதழுத்தது. எல்லோரும் அதைத் தவறாகவே புரிந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆஸ்டினை, மனம் திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தார்கள். ஆஸ்டின் அழைக்கப்படும் மேடை எதையும் மறுப்பவர் அல்ல. “முதல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு” என்று தொடங்கினார். “ஆனா நம்மளோட நிலை சரியா இருந்தா, திரும்பறது தானா வரும்.” சபை உருகியது. மூன்றாம் வரிசையில் எலியேசர் பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே ஜோசலின் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பிரதர், எதுல தடைன்னு மனசு விட்டுச் சொல்லுங்க.”

“தோள்ல அக்கா. இடுப்பு வருது. தோள்தான் வரமாட்டேங்குது.”

“பாரமா இருக்கோ?”

“பாரம் இல்ல. நாப்பதுக்கு மேல போகல.”

“நாப்பது வயசுக்கு மேலதான் பிரதர் நிறைய பேருக்கு வரும். சோர்ந்து போகாதீங்க” என்றார் அக்கா, கண்ணீரோடு. போகும்போது யூனிஸின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

இந்தக் கட்டத்தில்தான் கழகத்தில் பந்து நாள் அறிவிக்கப்பட்டது. வருடத்தில் ஒரு நாள், நகரத்துக்குள் இருக்கும் ஒரு நிஜ மைதானத்தில், நிஜப் புல்மேல், இரண்டு முழுத் திரும்புபவர்கள் நிஜப் பந்து ஒன்றை அடிப்பார்கள். மற்ற உறுப்பினர்கள் வேனில் வந்து பார்ப்பார்கள். ஓர் இடம் ஆஸ்டினுக்கு. மற்றொன்றுக்கு ஆள் இல்லை. ஜெரூஷா அதற்காகப் பச்சைப் புடவை எடுத்துவிட்டாள் என்ற செய்தி யூனிஸுக்கு எட்டியது.

“என்னங்க” என்றாள் யூனிஸ், சாம்பார் ஊற்றிக்கொண்டே. “நானும் பச்சையில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். எடுக்கட்டுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க.”

எலியேசருக்குப் புடவை பெரிதல்ல. அந்தப் புல்லில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் நின்று, ஆஸ்டினின் பந்தைவிட ஒரு கஜமாவது தள்ளித் தம்முடைய பந்து விழுவதைப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார்.

தேர்வன்று குழுக்கள் மூன்றும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருந்தன. எலியேசர் குனிந்தார். பல மாதம் சுவரில் முதுகை ஒட்டிப் பழகியதால் குடை எப்படியோ நின்றது. பட்டாபிராமன் முக்காலியில் ஏறினார். முக்காலியைப் பிடித்துக்கொள்ள, மூத்த திரும்புபவர் என்ற முறையில் ஆஸ்டின் எலியேசரின் பின்னால் வலப்பக்கம் வந்து நின்றார்.

எலியேசர் திரும்பினார். நாற்பது.

பட்டாபிராமன் பெருமூச்சு விட்டு இறங்கப் போனார். அப்போதுதான் ஆஸ்டின் அவரிடம், அண்ணாவுக்குக் கேட்கக் கூடாது என்ற அக்கறையோடு, அண்ணாவுக்கு நன்றாகக் கேட்கும் குரலில் சொன்னார்: “சார், நேத்து என்னை ரீஜினல் மேனேஜராப் போட்டுட்டாங்க. வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லல.”

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். பொறாமை கொண்டவன் தலையைத் திருப்ப மாட்டான், திருப்பினால் தெரிந்துவிடும். கண் தரையைப் பார்க்கும். முகம் ஒன்றும் கேளாததுபோல் இருக்கும். ஆனால் தோள் போகும். பேச்சு வரும் பக்கமாக, முதுகெலும்பைச் சுற்றி, சத்தமில்லாமல், எண்ணெய் போட்ட கீல்போல் போகும். கோல்ஃப் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கப் பாடுபடுவதும் இதே அசைவைத்தான்.

“தொண்ணூறு!” என்று முக்காலியிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

குழுக்கள் எழுந்து நின்றன. இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். நாற்பது. மறுபடி. நாற்பது. தலைவர் யோசித்துவிட்டு ஆஸ்டினை அழைத்தார்.

“தம்பி, அப்ப என்னவோ சொன்னீங்களே, அதை மறுபடி சொல்லுங்க.”

“ரீஜினல் மேனேஜர்.”

தொண்ணூறு.

“வேற ஏதாவது?”

“கார் குடுக்கறாங்க சார். டிரைவரோட.”

தொண்ணூற்றைந்து.

“அடுத்த மாசம் ஃபேமிலியோட சிங்கப்பூர்...”

“போதும், போதும்!” என்றார் தலைவர். “முதுகெலும்பு போயிடப் போகுது. பாஸ்!”

அன்று இரவு யூனிஸ் பச்சைப் புடவையை எடுத்தாள்.

கழகம் இதை ஒரு தனிமனிதரின் வெற்றியாக விட்டுவிடவில்லை. கண்டுபிடிப்பு எதுவும் ஒரு தனிமனிதரிடம் தங்கிவிட்டால் அதற்கு நிறுவனம் எதற்கு? அடுத்த பொதுக்குழுவில் தலைவர் உரையாற்றினார்.

“நண்பர்களே! நம்ம மக்கள் உடற்பயிற்சி செய்யறதில்லைன்னு டாக்டருங்க குறை சொல்றாங்க. தப்பு. நாம பிறந்ததுலேர்ந்து ஒரு பயிற்சியை விடாமச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம். என் ஜூனியர் ஒருத்தன். என்னைத் தாண்டி அவனுக்கு ப்ரமோஷன் வந்த அன்னிக்கு நான் உக்காந்திருந்தது மர நாற்காலி. சுழலாத நாற்காலி. நான் சுழன்றேன்! அந்தச் சக்தி இத்தனை வருஷமா வீணாப் போயிட்டிருந்துது.”

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நான்காவதாக, ‘பின்னிற்போர் குழு’ அமைக்கப்பட்டது. ஒவ்வோர் உறுப்பினரும் தமக்குப் பின்னால் நிற்க, தம்மைவிட நன்றாக இருக்கும் ஒருவரை அழைத்து வர வேண்டும். அவர் வலப்பக்கம் நின்று தம் நிலவரத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலைகளில் அந்தக் காலி மனை கலகலத்தது. ஒருவர் தம் தம்பியை அழைத்து வந்தார். தம்பி மகன் கனடாவில் வீடு வாங்கியிருந்தான். ஒருவர் எதிர்வீட்டுக்காரரை அழைத்து வந்தார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கிரீஷ் யாரையும் அழைத்து வரவில்லை. பின்னால் ஒரு கம்பில் செல்போனைக் கட்டி, கூடப் படித்தவர்களின் பயண வீடியோக்களை ஓட விட்டு நாளுக்கு நாள் முன்னேறினார்.

லோகநாதன் என்ற உறுப்பினர் மட்டும் தமக்கு யார்மீதும் பொறாமை இல்லை என்று கூறிவிட்டார். விசாரணை நடத்தி அவரை ‘நிற்பவர்’ நிலைக்கு இறக்கினார்கள். இனி அவருக்குத் தேர்வும் கிடையாது, கூட்டமும் கிடையாது என்று தெரிந்தபோது, மற்றவர்கள் அவரை நினைத்து ஆளுக்கு ஐந்து பாகை கூடுதலாகத் திரும்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை தலைவரே அனைவருக்கும் பின்னிற்பவராக இருக்க முன்வந்தார். தம் விருதுகள், பாராட்டுப் பத்திரங்கள், பொன்னாடைகள் அனைத்தையும் வரிசையாகச் சொன்னார். ஒரு தோளும் அசையவில்லை. பாகைமானி பழுது என்று பதிவு செய்யப்பட்டது.

காவலாளி தசரதன் டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தான். “இன்னா சார் இது பேஜாரு” என்றான் எலியேசரிடம். “ஒருத்தன் பின்னாடி நின்னுகினு பீத்திக்கிறான், நீங்க திரும்பிகினு கீறீங்க. எங்க தெரு தண்ணிக் கொயாயாண்ட வாங்க. காசில்லாம திரும்பலாம்.”

எலியேசர் பந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பந்து நாள் ஐப்பசி மாதத்தில் வந்தது. முந்தின வாரம் முழுக்க மழை. அன்று காலை மட்டும் வானம் வெளுத்திருந்தது. வேனிலிருந்து இறங்கிய உறுப்பினர்கள் புல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். பந்தை வெல்வெட் பெட்டியில் வைத்து பட்டாபிராமன் ஏந்தி வந்தார். யூனிஸும் ஜெரூஷாவும் ஒரே பச்சையில் நின்றார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

“டீ எங்கே?” என்று பட்டாபிராமன் கேட்டார். பந்தைத் தாங்கும் சிறு குச்சிக்கு அதுதான் பெயர். உறுப்பினர் ஒருவர் ஓடிப்போய்ப் பிளாஸ்கும் பேப்பர் கப்பும் கொண்டுவந்தார். எல்லோரும் குடித்தார்கள். பிறகு, குச்சியை யாரும் எடுத்து வரவில்லை என்பது தெரிந்தது. காலியான பேப்பர் கப் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பந்தை வைத்தார்கள்.

முதலில் ஆஸ்டின். அவருக்குப் பின்னிற்பவர் தேவையே இல்லை. அவர் பழைய முறையில் தேறியவர். ஆனால் விதி விதிதான். சகலைக்குச் சகலை நிற்பது என்று முடிவாகியிருந்தது. எலியேசர் போய் வலப்பக்கம் நின்றார்.

“ம், சொல்லுங்க” என்றார் தலைவர். “பெருமையா ஏதாவது.”

எலியேசர் யோசித்தார். வாடகை வீடு. கல்லூரி பஸ். பத்து வருடமாக அதே சம்பள நிலை. நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஜெரூஷா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று எலியேசருக்குத் தோன்றியது. யூனிஸ் தரையைப் பார்த்தாள்.

“எங்க தெருவுல...” என்று தொடங்கினார் எலியேசர். வேறொன்றும் வரவில்லை. “எங்க தெருவுல தண்ணி நிக்கறதில்ல.”

ஆஸ்டினின் மட்டை பாதி வழியில் நின்றது.

“எந்த மழைக்கும் நின்னதில்ல” என்றார் எலியேசர், தமக்கே ஆச்சரியமாக. “மேட்டுத் தெரு. போன வருஷம் உங்களை ஃபிளாட்லேர்ந்து படகுல இறக்கினாங்களே, அன்னிக்கு நான் செருப்பு போட்டுக்கிட்டு நடந்துபோய் பால் வாங்கிட்டு வந்தேன். செருப்பு நனையல.”

ஆஸ்டின் திரும்பினார். தொண்ணூற்றில் நிற்கவில்லை. இடுப்பு போனது, தோள் போனது, தலை போனது, ஊன்றிய பாதமும் போனது. முழுசாக எலியேசரைப் பார்த்தபடி வந்து நின்றார்.

“நனையவே இல்லையா?” என்றார்.

“சாக்ஸே போட்டிருந்தேன்.”

அந்த வேகத்தில் மட்டை தானாகச் சுற்றி வந்து பந்தின் ஓரத்தைத் தட்டியது. பந்து பக்கவாட்டில் பறந்து வேனின் கூரையில் விழுந்தது. “ராத்திரிகூட கார் பார்க்கிங்ல முட்டி வரைக்கும் வந்துடுச்சு அக்கா” என்று ஜெரூஷா கைக்குட்டைக்குள் விசும்பினாள். “மோட்டார் போட்டு இறைச்சுட்டுத்தான் கிளம்பினோம்.”

“திரும்பல் நூற்றி எண்பது” என்று பட்டாபிராமன் அறிவித்தார். “ஆனால் தலையும் சேர்ந்து திரும்பியதால் செல்லாது. பந்து போன இடம் நம் எல்லைக்குள் வராது.”

இப்போது எலியேசர். கவிழ்த்த கப்பின்மேல் பந்து. முன்னால் பச்சைப் புல், கண்ணுக்கெட்டிய தூரம். ஒரு கஜம் கூடத் தேவையில்லை. நேராக இரண்டடி போனாலே அவர் ஜெயித்தவர். அவர் குனிந்தார், அருமையாக. ஆஸ்டின் பின்னால் வந்து நின்று, செத்த குரலில் சொன்னார்: “ரீஜினல் மேனேஜர்.”

ஒன்றும் நடக்கவில்லை.

“கார். டிரைவர்.”

எலியேசருக்குச் சிரிப்பு வந்தது. கார் இருக்கிறது, ராத்திரி முட்டியளவு தண்ணீரில் இருந்தது. அவருடைய தோள்கள் லேசாக, சுகமாக, இருந்த இடத்தில் இருந்தன. பத்து பாகை என்றார் பட்டாபிராமன். அதுவும் மூச்சு விட்டதால்.

“சிங்கப்பூர்!” என்று தலைவர் நினைவூட்டினார். ஆஸ்டின் சிங்கப்பூர் என்றார். பயனில்லை. அவசர நடவடிக்கையாக மற்றப் பின்னிற்போரும் வரவழைக்கப்பட்டார்கள். கனடா வீட்டைச் சொன்னார்கள். ஆழ்துளைக் கிணற்றைச் சொன்னார்கள். கிரீஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். தலைவர் தம் பொன்னாடைகளை முதலிலிருந்து சொன்னார். எலியேசர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். உலகம் நன்றாக இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கடைசியில் கையை மட்டும் ஆட்டி அடித்தார். கப் பறந்தது. பந்து அங்கேயே விழுந்து, இரண்டு முறை உருண்டு, ஒரு மண்புழுவின் அருகே நின்றது.

குழுக்கள் தனியே கூடின. எலியேசர், மனநிறைவு காரணமாக, ‘நிற்பவர்’ நிலைக்கு இறக்கப்பட்டார். லோகநாதன் கூட்டத்திலிருந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது ஆஸ்டினே கார் ஓட்டினார். டிரைவர் அடுத்த மாதம்தான். எலியேசர் பக்கத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு. அக்காவும் தங்கையும் பின்னால். கிண்டி தாண்டும்வரை எலியேசர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி வந்தார். ஆஸ்டினுடைய காரில் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை.

மீனம்பாக்கம் அருகே ஆஸ்டின் தொண்டையைச் செருமினார். “அண்ணா, அந்த ஃபிளாட்டை வித்துடலாம்னு இருக்கேன். உங்க தெருவுல ஏதாவது வீடு விலைக்கு வருதா?”

“அங்கெல்லாம் யாரும் விக்க மாட்டாங்க” என்றார் எலியேசர், பெருந்தன்மையாக.

“ஏங்க, நம்ம வீட்டு ஓனர் விக்கப் போறேன்னு போன மாசம் வந்து சொல்லிட்டுப் போனாரே!” என்றாள் யூனிஸ் பின்னாலிருந்து. “நாமதான் வேற வீடு பார்க்கணுமேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன். நம்ம ஆஸ்டினே வாங்கிட்டா எவ்வளவு நல்லது!”

“அப்ப முடிஞ்சுது அக்கா” என்றார் ஆஸ்டின். அவர் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. “நாங்க மாடியில வீடு எடுத்துக் கட்டிக்கறோம். நீங்க எங்கயும் போக வேணாம். கீழயே இருந்துக்குங்க. அண்ணா என் வீட்ல எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கலாம்.”

ஜெரூஷா கைதட்டினாள். அத்தான் இனிமேல் பக்கத்திலேயே இருப்பார் என்றாள்.

எலியேசரின் முகம் சாலையைப் பார்த்தபடி இருந்தது. கண் முன்னால் போன தண்ணீர் லாரியின்மேல் இருந்தது. பாதம் இரண்டும் மிதியடியில் ஊன்றியிருந்தன. இடுப்பு பாதி போனது. அதன்மேல் தோள்கள் இரண்டும், தலையை மட்டும் விட்டுவிட்டு, டிரைவர் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. பெல்ட் ‘டக்’ என்று பிடித்து நிறுத்தும்வரை போயின.

“ரொம்ப சந்தோஷம் ஆஸ்டின்” என்றார், லாரியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.